கொம்பியூட்டர் கடிகாரம் பிழையா? எவ்வளவு பிழை என்று முதலில் பாருங்கள்

கடிகாரம் பிழையாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எவ்வளவு பிழை என்பதைத்தான். "கொஞ்சம் பிழை" என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. சரியாக அரை மணி நேரம் முந்தி ஓடுவதற்கு ஒரு காரணம், ஐந்தரை மணி நேரம் பிந்துவதற்கு இன்னொன்று, 1970க்குப் போய் நிற்பதற்கு வேறொன்று. வித்தியாசத்தைக் கணக்கெடுத்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். கணக்கெடுக்காமல் நேரத்தைத் திருத்தி வைத்தால் நாளைக்கும் அதே கதைதான்.

கட்டளைகளைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டித்தான் எனக்குப் பழக்கம். அதனால் இங்கேயும் ஒலிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். டைம்டேட்சிடிஎல் என்றால் டைம், டேட் இரண்டையும் ஒட்டி எழுதி, பின்னால் சி, டி, எல். எச்டபிள்யூகிளாக் என்றால் எச், டபிள்யூ, அதோடு சேர்த்து கிளாக். சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ; கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவதற்கு.

கை வைக்கும் முன்

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அடியுங்கள்:

டேட்
டேட் -யூ
டைம்டேட்சிடிஎல்

முதலாவது உள்ளூர் நேரம். இரண்டாவது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். கொழும்பில் இரண்டுக்கும் இடையில் சரியாக 5 மணி 30 நிமிடம் இருக்க வேண்டும். மூன்றாவது கட்டளைதான் முக்கியம். ஆரோக்கியமான இயந்திரத்தில் அது இப்படி வரும்:

லோக்கல் டைம்: செவ்வாய் 2025-08-05 14:30:10 +0530
யூனிவர்சல் டைம்: செவ்வாய் 2025-08-05 09:00:10 யூடிசி
ஆர்டிசி டைம்: செவ்வாய் 2025-08-05 09:00:10
டைம் ஸோன்: ஏசியா/கொலம்போ (+0530, +0530)
சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்ட்: யெஸ்
என்டிபி சர்வீஸ்: அக்டிவ்
ஆர்டிசி இன் லோக்கல் டிஇசட்: நோ

இயந்திரத்துக்குள் இருப்பது இரண்டு கடிகாரங்கள். ஆர்டிசி என்பது மதர்போர்டில் சின்னப் பற்றரியில் ஓடுகிற கடிகாரம். கரண்ட் போனாலும் அது ஓடும். மற்றது கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, வைத்திருக்கும் கணக்கு, 1970 ஜனவரி 1 யூடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை செக்கன் போயிருக்கிறது என்று. இயந்திரம் எழும்பும்போது முதலாவதைப் பார்த்து இரண்டாவது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. டைம் ஸோன் ஒரு கடிகாரமே இல்லை. அந்த எண்ணை எப்படிக் காட்டுவது என்ற விதி மட்டுமே.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து டேட் /டி, டைம் /டி என்று அடியுங்கள். அந்த /டி இல்லாமல் அடித்தால் நேரத்தைக் காட்டிவிட்டுப் புது நேரம் கேட்டுக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம், வெறுமனே என்டரைத் தட்டினால் எதுவும் மாறாது. ஸோனைப் பார்க்க டிஇசட்யூடில் /ஜி. டி, இசட், யூ, டி, ஐ, எல் என்பதே அதன் எழுத்துகள்.

ஒப்பிட்டுப் பார்க்க, வலையமைப்பிலிருந்து நேரம் எடுக்கும் கைபேசி போதும். சுவர்க்கடிகாரத்தை நம்பாதீர்கள்.

சரியாக அரை மணி நேரம் முந்தி ஓடுகிறது

இது இலங்கைக்கே உரிய வியாதி. 1996 மே மாதம் வரை நமது நேரம் யூடிசியை விட ஐந்தரை மணி முந்தி இருந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே 25இல் ஒரு மணி நேரம் கூட்டி ஆறரையாக்கினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணி குறைத்து ஆறாக்கினார்கள். 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் ஐந்தரைக்கே வந்தோம். பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டுவிட்டுக் கலியாண வீட்டுக்குக் கிளம்பிய காலம் அது. வன்னியில் பழைய நேரமே ஓடிக்கொண்டிருந்தது.

மனிதர்கள் மறந்துவிட்டார்கள், பழைய மென்பொருள் மறக்கவில்லை. 2006க்கு முந்திய ஸோன் தரவோடு இருக்கிற இயந்திரத்துக்குக் கொழும்பு என்றால் இன்னமும் ஆறு மணி. புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடைகளின் மேசையடியில் தூசி பிடித்தபடி பில் அடித்துக்கொண்டிருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி பெட்டிகள் இதற்கு நல்ல உதாரணம். அப்டேட் கண்டிராத எக்ஸ்பியில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற ஸோனுக்குப் பக்கத்தில் +06:00 என்றே போட்டிருக்கும்.

கடைக்காரர் என்ன செய்வார்? "தம்பி, பில்லில அரை மணித்தியாலம் கூட விழுகுது, நான் குறைச்சு வச்சிட்டன்" என்பார். பில்லில் நேரம் சரியாகிவிடும். ஆனால் உள்ளே யூடிசி கணக்கு இப்போது அரை மணி பிந்திவிட்டது. ஸோன் பிழை, எண்ணும் பிழை. இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு திரையில் மட்டும் சரியாகத் தெரிகிறது. வங்கிக்கான கடவு எண்ணை அந்த இயந்திரத்திலேயே உருவாக்கும் செயலி இருந்தால் ஒரு எண்ணும் எடுபடாது, ஏனென்றால் அந்த எண்கள் 30 செக்கனுக்கு ஒருமுறை யூடிசியை வைத்து மாறுபவை. இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதி இயங்கினால் மறுபடியும் அரை மணி முந்தும். கடைக்காரர் மறுபடியும் குறைப்பார். இது முடியவே முடியாது.

எனவே கண்டுபிடிக்கும் வழி டேட் -யூ. யூடிசி சரி, உள்ளூர் நேரம் மட்டும் அரை மணி கூட என்றால் கோளாறு ஸோனில். நேரத்தைத் தொடாதீர்கள். லினக்ஸில்:

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏசியா/கொலம்போ

ஏசியாவின் முதல் எழுத்தும் கொலம்போவின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. அதற்குப் பிறகும் +06 என்று காட்டினால் டிஇசட்டேட்டா என்ற பொதியைப் புதுப்பிக்க வேண்டும். புதிய விண்டோஸில், நிர்வாகியாகத் திறந்த ப்ராம்ப்டில்:

டிஇசட்யூடில் /எஸ் "ஸ்ரீ லங்கா ஸ்டேண்டர்ட் டைம்"

மேற்கோள் குறிகள் அவசியம். நான்கு சொற்களிலும் முதல் எழுத்து பெரியது. புதுப்பிக்க வழியில்லாத எக்ஸ்பி என்றால் சென்னை, கொல்கத்தா என்று இருக்கிற +05:30 ஸோனுக்கு மாற்றிவிடுங்கள். அழகான தீர்வில்லை, ஆனால் இன்றைய நேரம் சரியாக வரும். 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட பழைய கோப்புகளின் நேரம் மட்டும் அரை மணி குறைவாகத் தெரியும். பழைய கணக்குப் பதிவுகளைத் தோண்டுபவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

லினக்ஸில் எந்த ஸோன் என்று கண்ணாலேயே பிடிக்கலாம். டேட் அடித்ததும் ஐஎஸ்டி என்று வந்தால் இயந்திரம் கொல்கத்தாவில் இருக்கிறது. கொழும்பு என்றால் எழுத்துச் சுருக்கம் வராது, +0530 என்று எண் வரும்.

முழு அரை மணி இல்லாமல் 15 நிமிடம் முந்தினால் யாரோ காட்மண்டுவைத் தெரிவு செய்திருக்கிறார்கள். அரை மணி பிந்தினால் கராச்சி அல்லது மாலைதீவு. இரண்டரை மணி முந்தினால் சிங்கப்பூர். டாக்கா என்றாலும் அரை மணி முந்தும் என்பதால், எக்ஸ்பியைத் திட்டுவதற்கு முன் அதையும் பாருங்கள்.

ஐந்தரை மணி நேரம் முந்துகிறது அல்லது பிந்துகிறது

ஒரே இயந்திரத்தில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் காரணம் கிட்டத்தட்ட நிச்சயம். லினக்ஸ் ஆர்டிசியில் யூடிசி நேரத்தை எழுதும். விண்டோஸ் அதே இடத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக நினைக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் ஐந்தரை மணி பிந்தும்; விண்டோஸ் திருத்தி எழுதிய பிறகு லினக்ஸுக்கு வந்தால் ஐந்தரை மணி முந்தும். இணையம் கிடைத்ததும் தானாகச் சரியாகிவிடும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. இணையம் இல்லாத நாளில்தான் தெரியவரும்.

இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவர வேண்டும். விண்டோஸை மாற்றுவதே என் விருப்பம். ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கேஎல்எம் கீழே சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் என்று இறங்குங்கள். அங்கே ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற பெயரில் ஒரு டிவேர்ட் மதிப்பை உருவாக்கி 1 என்று கொடுங்கள். நான்கு சொல்லும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வரும். பிறகு ரீஸ்டார்ட்.

அலுவலக இயந்திரம், ரிஜிஸ்ட்ரியில் கை வைக்க விடமாட்டார்கள் என்றால் லினக்ஸை வளைக்கலாம்:

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1

அதற்குப் பிறகு டைம்டேட்சிடிஎல் அடிக்கும்போதெல்லாம் ஒரு நீண்ட எச்சரிக்கை வரும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அந்த எச்சரிக்கைக்கு நிறைய அர்த்தம் உண்டு. நமக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் இங்கே பெரிய ஆபத்தில்லை.

ஒரே ஒரு லினக்ஸ் மட்டும் இருக்கும் வாடகைச் சேர்வர் ஐந்தரை மணி பிந்தினால் அது கோளாறே இல்லை. ஸோன் யூடிசியில் இருக்கிறது, அவ்வளவுதான். சேர்வரை அப்படியே விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் கண்ணுக்கு மட்டும் கொழும்பு நேரம் வேண்டுமென்றால் டேட் என்பதற்கு முன்னால் டிஇசட்=ஏசியா/கொலம்போ என்று சேர்த்து அடித்தால் போதும். டி, இசட் இரண்டும் பெரிய எழுத்து.

கரண்ட் போய் வந்ததும் 1970, 2000 என்று பழைய காலத்துக்குப் போய்விடுகிறது

பெரும்பாலும் இந்தக் கோளாறு கடிகாரமாகத் தெரியவே தெரியாது. "இன்டர்நெட் வேலை செய்யுதில்லை" என்றுதான் சொல்வார்கள். பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காமல் சான்றிதழ் பிழை காட்டும். உபுண்டுவில் ஏபிடி அப்டேட் அடித்தால் ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லும். எதிர்காலத்திலிருந்து வந்த கோப்பாக அதற்குப் படுகிறது.

டேட் அடித்துப் பாருங்கள். 1970 ஜனவரி 1 அதிகாலை 5:30 என்று வந்தால் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. யூடிசியில் நள்ளிரவு, கொழும்பில் ஐந்தரை.

காரணம், மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பற்றரி. 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. அந்த எண்ணே அதுதான். பிளக் சொருகியிருக்கும் வரை இயந்திரம் அந்தப் பற்றரியைப் பெரிதாகத் தொடாது. மின்வெட்டு நீண்டால்தான் பற்றரி தனியே தாங்க வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில் பழைய பற்றரிகளின் வண்டவாளம் வெளிவந்தது. இரவில் பிளக்கைக் கழற்றி வைக்கிற வீடுகளிலும் இதே நிலைதான்.

மாற்றுவது சுலபம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ வாங்கலாம், ஏன், தெருமுனைக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மீற்றர் இருந்தால் அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7, 2.6 என்று இறங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். ஆனால் கழற்றும் முன் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் இருக்கிறது, எதிலிருந்து பூட் ஆகிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்றரியை எடுத்தால் இந்த அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போய்விடலாம்; பிறகு விண்டோஸ் எழும்பாமல் அடம்பிடிக்கும்.

அப்புறம் நேரத்தை வையுங்கள். இந்த ஒழுங்கில்:

சூடோ டேட் -எஸ் "2025-08-05 14:30:00"
சூடோ எச்டபிள்யூகிளாக் -டபிள்யூ

முதல் வரி கேர்னலின் கணக்கைத் திருத்துகிறது. இரண்டாவது அதை ஆர்டிசியில் எழுதுகிறது. டபிள்யூவுக்குப் பதில் எஸ் என்று போட்டால் தலைகீழாகும்: ஆர்டிசியின் பிழையான நேரம் கேர்னலுக்கு வந்துவிடும். எச்டபிள்யூகிளாக் இல்லை என்று புதிய டெபியன் சொன்னால் யூடில்-லினக்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற பொதியை நிறுவுங்கள்.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு: மாற்றுவதற்கு அதில் பற்றரியே இல்லை. 5ஆவது மொடலில்தான் ஆர்டிசி வந்தது, அதற்கும் பற்றரியைத் தனியாகப் பொருத்த வேண்டும். பழைய பை கரண்ட் போன நேரத்திலேயே நின்று, வந்ததும் அங்கிருந்து எண்ணத் தொடங்கும். இணையம் இல்லாத இடத்தில் வைப்பதென்றால் டிஎஸ்3231 என்ற சின்ன ஆர்டிசி பலகை ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள்.

நேரத்தை மாற்ற விடவில்லை, அல்லது மாற்றியது நிற்கவில்லை

டேட் கட்டளைக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. சூடோ இல்லாமல் அடித்தால் "கேனாட் செட் டேட்: ஒப்பரேஷன் நொட் பெர்மிட்டட்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் நீங்கள் கேட்ட நேரத்தையே அச்சடிக்கும். கடைசி வரியை மட்டும் பார்ப்பவர் மாறிவிட்டது என்று நினைப்பார். மறுபடி வெறும் டேட் அடித்துப் பாருங்கள்.

ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக இருந்தும் அதே பிழை வந்தால் நீங்கள் அநேகமாக டொக்கர் கொன்டெய்னருக்குள் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) நிற்கிறீர்கள். அதற்கென்று சொந்தக் கடிகாரம் கிடையாது. வெளியே வந்து ஹோஸ்ட்டில், அதாவது அதைத் தாங்கும் இயந்திரத்தில் மாற்றுங்கள். விண்டோஸில் "எ ரிக்வயர்ட் பிரிவிலேஜ் இஸ் நொட் ஹெல்ட்" என்று தொடங்கும் வரி வந்தால் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறக்கவில்லை.

மாறியது ஆனால் சிறிது நேரத்தில் திரும்பிப் போனது என்றால், என்டிபி, அதாவது வலையமைப்பிலிருந்து நேரம் எடுக்கும் வசதி, உங்களைத் திருத்துகிறது. அநேகமாக அதுதான் சரி, நீங்கள்தான் பிழை. மேலே சொன்ன ஸோன் கதையைப் பாருங்கள். சோதனைக்காக வேண்டுமென்றே நேரத்தை மாற்றுபவர்கள் முதலில் அதை நிறுத்த வேண்டும்:

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ஃபோல்ஸ்

வேலை முடிந்ததும் ஃபோல்ஸ் என்ற இடத்தில் ட்ரூ என்று போட்டு மறுபடி தொடங்கிவிடுங்கள். வேர்ச்சுவல் மெஷினில் இதைச் செய்தும் நேரம் திரும்பினால், உள்ளே நிறுவிய கெஸ்ட் டூல்ஸ் ஹோஸ்ட்டிலிருந்து நேரத்தை இழுக்கிறது.

திகதி வைத்தேன், மாதம் மாறிவிட்டது

நாம் நாளை முதலில் எழுதுவோம், மாதத்தைப் பிறகு. லினக்ஸ் டேட், சாய்கோட்டைக் கண்டால் மாதம் முதலில் என்று எடுக்கும். 25/12/2025 என்று கொடுத்தால் இன்வெலிட் டேட் என்று மறுத்துவிடும், அது நல்லது. 05/08/2025 என்று கொடுத்தால் ஒகஸ்ட் 5க்குப் பதிலாகச் சத்தமில்லாமல் மே 8 ஆக்கிவிடும். எப்போதும் வருடம்-மாதம்-நாள் என்றே எழுதுங்கள். விண்டோஸ் உங்கள் வட்டார அமைப்பைப் பொறுத்துக் கேட்கும். டேட் என்று அடித்ததும் அடைப்புக்குறிக்குள் எந்த ஒழுங்கைக் காட்டுகிறதோ அப்படியே கொடுங்கள்.

செக்கன்களும் நிமிடங்களுமாக மெதுவாக விலகுகிறது

சாதாரணக் குவார்ட்ஸ் நாளுக்கு ஒன்றிரண்டு செக்கன் விலகுவது இயல்பு. மாதத்துக்கு ஒரு நிமிடம் வரை ஆகலாம். அதைத் தொடர்ந்து திருத்துவதே என்டிபியின் வேலை. விலகல் வளர்கிறது என்றால் என்டிபி ஓடவில்லை, அல்லது ஓடியும் யாரையும் எட்டவில்லை.

டைம்டேட்சிடிஎல் வெளியீட்டில் சர்வீஸ் அக்டிவ், ஆனால் சிங்க்ரனைஸ்ட் நோ என்று இருந்தால் இரண்டாவது வகை. டைம்டேட்சிடிஎல் டைம்சிங்க்-ஸ்டேட்டஸ் என்று கேளுங்கள். க்ரோனி என்ற என்டிபி நிரலை நிறுவிய இயந்திரமென்றால் க்ரோனிசி சோர்சஸ். பெரும்பாலும் அலுவலக ஃபயர்வோல் யூடிபி 123ஆம் போர்ட்டை அடைத்திருக்கும். கைபேசி ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே உடனே சரியானால் ஐடி பிரிவுக்கு அந்தப் போர்ட் எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள், சும்மா நேரம் பிழை என்று சொன்னால் நாளைக்குப் பார்ப்போம் என்பார்கள்.

என்டிபிடி என்ற பழைய என்டிபி நிரலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வித்தியாசம் 1000 செக்கனைத் தாண்டினால் அது திருத்தாது. எங்கேயோ பெரிய கோளாறு என்று முடிவுசெய்து தானே நின்றுவிடும். அரை மணி என்றாலே 1800 செக்கன். எனவே முதலில் கையால் கிட்டத்தட்டச் சரியாக வைத்துவிட்டு அதை மறுபடி தொடக்குங்கள். க்ரோனியில் சூடோ க்ரோனிசி மேக்ஸ்டெப் (மேக், ஸ்டெப் இரண்டும் ஒட்டி) என்று ஒரே வரியில் முடியும்.

விண்டோஸில் டபிள்யூ32டிஎம் /ரீசிங்க். சேவை தொடங்கவில்லை என்று சொன்னால் முதலில் நெட் ஸ்டார்ட் டபிள்யூ32டைம். அலுவலக டொமைனில் சேர்ந்த இயந்திரத்தில் நேரம் டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து வருகிறது. நீங்களாக மாற்றி 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் உள்நுழையவே விடாமல் போகலாம். அதை விட்டுவிடுங்கள்.

ஒரு ஜன்னலில் மட்டும் வேறு நேரம்

இயந்திரம் முழுக்கச் சரி, ஒரு பயனருக்கோ ஒரு நிரலுக்கோ மட்டும் பிழை என்றால் எக்கோ $டிஇசட் என்று அடியுங்கள். இங்கேயும் டி, இசட் இரண்டும் பெரிய எழுத்து. ஏதாவது வந்தால் அங்கேதான் கோளாறு. அன்செட் டிஇசட் கொடுத்துவிட்டுப் பாருங்கள். அந்த மாறியில் ஊர்ப்பெயரை எழுத்துப் பிழையோடு போட்டால் லினக்ஸ் எதிர்ப்பே தெரிவிக்காது. யூடிசி நேரத்தைக் காட்டிக்கொண்டு பேசாமல் இருக்கும்.

ஸோனை மாற்றியும் க்ரோன் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) பழைய நேரத்திலேயே ஓடுகின்றன என்பதும் இதே வகை. க்ரோன் தொடங்கும்போது எந்த ஸோனைப் பார்த்ததோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும். சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் க்ரோன் என்று கொடுங்கள். ரெட் ஹாட் குடும்பத்தில் அதன் பெயர் க்ரோன்டி. அதோடு, யூடிசியில் விட்டுவைத்த சேர்வரில் காலை 6 மணி வேலையை 0 மணி 30 நிமிடத்துக்கு எழுத வேண்டும். காலை 5 மணி வேலையென்றால் முதல் நாள் இரவு 23:30. அந்த 5 மணி வேலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுவதாக இருந்தால் கிழமையையும் சனிக்கு மாற்றுங்கள்.